ஊருக்கு ஒரு மணி நேரம்
(நகரம் முழுவதும் தன்னார்வத் தொண்டை வளர்ப்பது எப்படி?)

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும், ராக்கெட்டைப் பற்றி எழுதலாமா, ரோபோவைப் பற்றி எழுதலாமா என்று நானும் இரண்டு நாள் யோசித்தேன். இரண்டுமே எனக்குப் புத்தகத்தில் படித்த அளவுதான் தெரியும். நான் நேரில் பார்த்த ஒன்றை எழுதினால் என்ன என்று தோன்றியது. அதுதான் இந்தத் தன்னார்வத் தொண்டு.

தொண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கொடுக்கிற பக்கத்தில் நின்று எழுதுவார்கள். நான் முதலில் வாங்குகிற வரிசையில் நின்றவன். அப்பா கொத்தனார், அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். இந்தப் பாலிடெக்னிக் விண்ணப்பத்தைக்கூட எங்கள் தெருவில் ஓர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார். அதனால் வரிசையின் இரண்டு முனையும் எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தன்னார்வம் என்றால் என்ன?

யாரும் கட்டாயப்படுத்தாமல், கூலி எதிர்பார்க்காமல், தன் நேரத்தையும் உழைப்பையும் பிறருக்குத் தருவது தன்னார்வத் தொண்டு. பணம் தருவது தானம். நேரம் தருவது தொண்டு. திருக்குறளில் ‘ஒப்புரவறிதல்’ 22-ஆம் அதிகாரம், ‘ஈகை’ 23-ஆம் அதிகாரம். இல்லாதவனுக்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு சேர்ந்து வாழ்கிறவன் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை ஒப்புரவு. வள்ளுவர் இரண்டையும் தனித்தனியாக வைத்து, ஒப்புரவை முன்னால் வைத்திருக்கிறார். அதற்குக் காரணம் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

நம் நாட்டில் மாணவர் தொண்டுக்கு ஒரு முறையான வடிவம் வந்தது 1969-ல். காந்தியடிகளின் நூற்றாண்டான அந்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. நாம் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜில் கோனார்க் கோயில் தேர்ச்சக்கரம் இருக்கிறதல்லவா? அதன் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன. எந்த நேரமும் தயாராக இரு என்பது பொருள். உலக அளவில் ஐ.நா. சபை 1985-ல் முடிவெடுத்து, டிசம்பர் 5-ஐ தன்னார்வலர் நாளாக அறிவித்தது.

டிசம்பர் 5 என்றதும் எனக்கு வேறொரு டிசம்பர் நினைவுக்கு வருகிறது.

2015: வெள்ளம் கற்றுத் தந்த பாடம்

2015 டிசம்பர் 1 இரவு. சென்னை சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையை ஒட்டி எங்கள் வீடு. எனக்கு எட்டு வயது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்தும் தண்ணீர் திறந்துவிட, ஆறு கரை தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். ஆயாவை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அந்த இரண்டு பேர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில் தங்கினோம்.

அந்த நாட்களில் சென்னை மக்கள் காட்டிய அன்பு உலகமே பார்த்தது. மீனவர்கள் கடலில் ஓட்டும் படகை நகரத்துத் தெருக்களில் ஓட்டி மக்களை மீட்டார்கள். கோயில், மசூதி, தேவாலயம் எல்லாம் கதவைத் திறந்துவிட்டன. கல்லூரி மாணவர்களும் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறவர்களும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு இறங்கினார்கள். அதை நான் எந்நாளும் குறைத்துப் பேசமாட்டேன். அந்தச் சாப்பாட்டைத் தின்றவன் நான்.

ஆனால் எட்டு வயதுக் கண்ணில் பட்ட வேறு சிலவற்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கூடம் மெயின் ரோட்டுப் பக்கம். ஒரே மதியத்தில் எங்களுக்கு ஏழு முறை சாப்பாடு வந்தது. ஏழும் எலுமிச்சை சாதம், இல்லாவிட்டால் புளி சாதம். மிச்சம் எல்லாம் மூலையில் கிடந்து புளித்து நாறியது. அதே நேரத்தில் உள்ளே நாலு தெரு தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் மாடியில் நின்றவர்களுக்குக் காலையிலிருந்து ஒன்றும் போகவில்லை. வண்டி போகிற இடம்வரைதான் உதவி போனது.

குடிக்கத் தண்ணீர் இல்லை, கைக்குழந்தைக்குப் பால் இல்லை, ஆயாவுக்குச் சர்க்கரை மாத்திரை இல்லை. அம்மா முணுமுணுத்தது இன்னும் காதில் இருக்கிறது: “இன்னா வேணும்னு ஒரு வார்த்த கேட்டா இன்னா கொறஞ்சிடும்?” ஒருவர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, கையை விடாமல், “கேமராவப் பாரும்மா” என்றார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஓர் அக்கா வந்தார். கையில் சாப்பாடு இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும்தான். ஒவ்வொரு குடும்பமாக உட்கார்ந்து கேட்டு எழுதினார். எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, யாருக்கு என்ன மாத்திரை, பெண்களுக்கு என்ன தேவை, பிள்ளைகளின் புத்தகம் போயிற்றா. “இது வந்து என்னத்த கிழிக்கப் போவுது” என்று சிலர் சிரித்தார்கள். மறுநாள் அதே அக்கா இன்னும் மூன்று பேரோடு வந்தார். நோட்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆயாவின் கையில் மாத்திரை அட்டையைக் கொடுத்தார். எனக்கு மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கொடுத்தார்.

அன்று வந்தவர்களில் அந்த நோட்டு அக்காதான் மிகப் பெரிய உதவி செய்தார் என்பது என் கருத்து. நல்ல மனம் எல்லாருக்கும் இருந்தது. நோட்டு ஒருவரிடம்தான் இருந்தது.

கோபே நகரம் என்ன செய்தது?

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1995 ஜனவரி 17 அதிகாலையில் ஜப்பானின் கோபே நகரையும் சுற்றுப்புறங்களையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடெங்கிலுமிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் வந்து குவிந்தார்கள். அவர்களில் மாணவர்களும் இளைஞர்களும் ஏராளம். அந்த ஆண்டை ஜப்பானியர் ‘தன்னார்வத்தின் முதலாம் ஆண்டு’ என்றே அழைக்கிறார்கள். ஆனால் வந்தவர்களை எங்கே அனுப்புவது, யாருக்கு என்ன தேவை என்று சொல்ல ஆரம்பத்தில் முறையான ஏற்பாடு இல்லை.

ஜப்பானியர் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். தொண்டு நிறுவனங்களுக்கு 1998-ல் தனிச் சட்டம் வந்தது. பிறகு வந்த பேரிடர்களில் ஊர்தோறும் ‘தன்னார்வலர் மையம்’ திறக்கும் வழக்கம் வேரூன்றியது. அந்த மையம் வேலை செய்யும் விதம் நம் ஒர்க்‌ஷாப் ஜாப் கார்டைப் போன்றதுதான். உதவி தேவைப்படுகிறவர் சொல்வதை ஒரு சீட்டில் எழுதிக்கொள்கிறார்கள்: எந்த வீடு, என்ன வேலை, எத்தனை ஆள். வருகிற தொண்டர் பெயரைப் பதிகிறார். சீட்டுக்கு ஏற்ற ஆளைச் சேர்க்கிறார்கள். பாதுகாப்பு விளக்கம் சொல்லி, மண்வெட்டி, கையுறை கொடுத்து அனுப்புகிறார்கள். மாலையில் திரும்பி வந்து, என்ன முடிந்தது, என்ன பாக்கி என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். தொண்டர்களுக்கு இன்சூரன்ஸும் உண்டு.

பாருங்கள், இதில் பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. சீட்டு, பேனா, ஒழுங்கு அவ்வளவுதான். நம் நோட்டு அக்கா தனி ஆளாகச் செய்ததை அங்கே ஊரே சேர்ந்து செய்கிறது.

பிரேக்டவுனா? பராமரிப்பா?

நாம் படிக்கிற பாடத்திலேயே இரண்டு வகைப் பராமரிப்பு உண்டு. இயந்திரம் நின்ற பிறகு ஓடிப்போய்ச் சரி செய்வது பிரேக்டவுன் மெயின்டனன்ஸ். நிற்பதற்கு முன்பே நாள் குறித்து எண்ணெய் விட்டு, போல்ட்டை முறுக்கி வைப்பது பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ். வெள்ளத்தில் ஓடுவது முதல் வகை. அது வேண்டும். ஆனால் நகரத்துக்கு அதிகம் தேவைப்படுவது இரண்டாவது வகை.

இரத்ததானத்தையே எடுத்துக்கொள்வோம். இரத்தத்தைத் தொழிற்சாலையில் செய்ய முடியாது. சேர்த்து வைக்கவும் எல்லை உண்டு. தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும். சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள். ஒரு விபத்துச் செய்தி கேட்டு ஒரே நாளில் 500 பேர் வரிசையில் நின்றால் மனம் நெகிழ்கிறது. அடுத்த மாதம் வெள்ளிக்கிழமை டெங்குக் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு அதில் தட்டணு இருக்காது. வாரம் பத்துப் பேர் முறை வைத்துக் கொடுத்தால் இருக்கும். காசுக்கு இரத்தம் விற்பது உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. அதன் பிறகு நகரத்தின் ஆஸ்பத்திரிகள் தன்னார்வலர்களை நம்பித்தான் இருக்கின்றன. நம்மில் பலருக்கு இப்போதுதான் 18 நிரம்புகிறது. 45 கிலோ எடையும், ஹீமோகுளோபின் 12.5-ம் இருந்து, டாக்டர் பரிசோதித்துச் சரி என்றால், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம்.

பவர் பிரஸ்ஸில் ஃபிளைவீல் எதற்கு? பன்ச் அடிக்காத நேரத்தில் சக்தியைச் சேர்த்து வைத்து, அடிக்கிற நேரத்தில் கொடுப்பதற்கு. வாராவாரம் செய்கிற சின்னத் தொண்டு ஒரு நகரத்தின் ஃபிளைவீல். சாதாரண நாளில் ஒருவரை ஒருவர் தெரிந்து பழகியவர்கள்தான் வெள்ளம் வந்த அன்று கூப்பிட்ட குரலுக்குச் சேர்ந்து நிற்பார்கள்.

நான் செய்த தவறு

இதுவரை ஊருக்குப் பாடம் சொன்னேன். இனி என் கதை.

முதலாண்டில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, நம் கல்லூரிக்குப் பின்னால் உள்ள தெருவில் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினோம். முதல் நாள் பேனர், மிட்டாய், போட்டோ எல்லாம் உண்டு. பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். வாரம் ஐந்து நாளும் வருவோம் என்று வீரமாகச் சொன்னோம். இரண்டாம் வாரம் மூன்று பேர் ஆனோம். நான்காம் வாரம் நான் மட்டும். பிறகு மாடல் எக்ஸாம் வந்தது, ரெக்கார்டு நோட்டு பாக்கி இருந்தது, நானும் நின்றுவிட்டேன். ‘இனிமேல் வரமாட்டேன்’ என்று பிள்ளைகளிடம் சொல்லக்கூட இல்லை.

ஒரு மாதம் கழித்து டீக்கடையில் அந்தப் பிள்ளைகளில் ஒருவனைப் பார்த்தேன். ஏழாம் வகுப்பு. பின்னம் என்றால் பயப்படுவான். அவன் கோபப்படவில்லை. “அண்ணா, நாலு நாளு பாய விரிச்சி வெச்சிட்டு ஒக்காந்திருந்தோம். அப்பறம் அம்மா, அவங்கெல்லாம் அப்பிடித்தான், எந்திரிச்சி வாடான்னுச்சி” என்றான்.

‘அவங்கெல்லாம் அப்பிடித்தான்.’ நானும் அந்த ‘அவங்களில்’ ஒருவன் ஆகிவிட்டேன். கேமராவப் பாரும்மா என்றவரை எட்டு வயதில் வெறுத்தேன். அவராவது ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். நான் பாயை விரிக்கச் சொல்லிவிட்டு வராமல் போனேன். அன்று டீ குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஏன் நின்றுபோயிற்று என்று பிறகு உட்கார்ந்து யோசித்தோம். எங்களில் யாரும் கெட்டவர் இல்லை. ஏற்பாடுதான் தவறு. தாங்க முடியாத சுமையை மெல்லிய ராடில் ஏற்றினால் அது வளையத்தான் செய்யும். ராடைத் திட்டிப் பயனில்லை, டிசைனை மாற்ற வேண்டும்.

மாற்றினோம். ஒருவருக்கு வாரத்தில் ஒரே நாள், ஒன்றரை மணி நேரம். ஒரு நாளுக்கு இரண்டு பேர். ஒருவர் வராவிட்டாலும் வகுப்பு நடக்கும், பிள்ளைகளோடு ஒருவர் தனியாக இருக்கும் நிலையும் வராது. நம் பரீட்சை நாட்களை முன்னாலேயே எழுதி, விடுமுறை என்று பிள்ளைகளின் பெற்றோரிடம் சொல்லிவிட்டோம். ஒரு நோட்டுப் போட்டோம். இன்று வந்தவர் என்ன நடத்தினோம் என்று எழுதுவார். நாளை வருபவர் அதைப் படித்துவிட்டுத் தொடங்குவார். முதலில் அந்த ஏழாம் வகுப்புப் பையனின் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பாயை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது எட்டு மாதமாக நடக்கிறது. நாங்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் ஒன்பது பேர். பெரிய சாதனை இல்லை. ஆனால் பாய் வீணாக விரிக்கப்படவில்லை.

நகரம் முழுவதும் வளர்க்க என்ன வழி?

மேலே சொன்னவற்றிலிருந்து என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

1. முதலில் கேள், பிறகு கொடு. தெருத் தெருவாகத் தேவைப் பட்டியல் வேண்டும். தனியாக இருக்கும் முதியவர், சக்கர நாற்காலிக்காரர், மழை வந்தால் முதலில் மூழ்கும் வீடு. இது வெள்ளத்துக்கு முன்பே எழுதி, ஆண்டுக்கு ஒரு முறை திருத்தப்பட வேண்டும். யாரிடமும் காட்டாமல் பத்திரமாகவும் வைக்க வேண்டும். அது மற்றவர் வீட்டு விஷயம்.

2. ஆளைப் பொருத்து. சிவில் மாணவன் பள்ளிக்கூடத்து ஒழுகும் கூரையைப் பார்த்துச் சொல்லலாம். எலெக்ட்ரிக்கல் மாணவன் அங்கன்வாடி வயரிங் ஆபத்தாக இருக்கிறதா என்று கண்டு ஆசிரியர் மூலம் தெரிவிக்கலாம். கையெழுத்து நன்றாக உள்ளவர் பார்வையற்றவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுக்கலாம். எல்லாருக்கும் துடைப்பத்தைக் கொடுத்து நிற்க வைப்பது ஆள் வீண்.

3. அருகில் தொடங்கு. ஒரு கணக்குப் பார்ப்போம். என்.எஸ்.எஸ். மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தர வேண்டும். வாரத்துக்கு இரண்டே கால் மணிக்குச் சற்று அதிகம். 100 பேர் கொண்ட அணி என்றால் ஆண்டுக்கு 12,000 மணி நேரம்! 2011-ல் விரிவடைந்த சென்னை மாநகராட்சிக்கு 200 வார்டு. இந்த நேரத்தை நகரம் முழுக்கத் தூவினால் வார்டுக்கு ஆண்டில் 60 மணிதான். ஒருவர் முகமும் ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு கல்லூரியும் தன் மதில் சுவரை ஒட்டியுள்ள நாலு தெருவை மட்டும் எடுத்துக்கொண்டால், கல்லூரி கல்லூரியாகச் சேர்ந்து நகரமே நிரம்பிவிடும்.

4. சின்ன வாக்கு, உறுதியான வாக்கு. வாரம் ஒரு மணி நேரம் போதும். ஆனால் அந்த ஒரு மணி தவறக்கூடாது. நிறுத்த வேண்டி வந்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

5. பயிற்சியும் பாதுகாப்பும். நீந்தத் தெரியாதவன் வெள்ளத்தில் இறங்கினால், காப்பாற்ற வேண்டியவர் எண்ணிக்கையில் ஒன்று கூடும். முதலுதவி, தீயணைப்புப் பயிற்சிகளை முகாமில் ஒரு நாளாவது முறையாகக் கற்க வேண்டும்.

6. கூலியைப் பறிக்காதே. இதை ஒரு கொத்தனார் மகனாகச் சொல்கிறேன். சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலையை இலவசமாகச் செய்து கொடுப்பது தொண்டாகாது. அது ஒரு தொழிலாளியின் அன்றைய அடுப்பை அணைப்பது. சாக்கடையைச் சுத்தம் செய்வது மாநகராட்சியின் கடமை. அதைச் செய்யச் சொல்லி மனு எழுதித் தெரு மக்களிடம் கையெழுத்து வாங்கித் தருவது நம் தொண்டு.

7. வாங்குபவரின் மானம். போட்டோ எடுக்க வேண்டுமானால் நம்மை நாமே எடுத்துக்கொள்வோம். அனுமதி கேட்காமல் அவர்கள் முகம் வேண்டாம்.

“இதெல்லாம் செய்தால் மார்க் வருமா?” என்று சிலர் கேட்பீர்கள். சர்டிஃபிகேட் வரும், இன்டர்வியூவில் கேட்பார்கள், மேடையில் பேசவும் நாலு பேரை வைத்து வேலை வாங்கவும் கற்றுக்கொள்வீர்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. சர்டிஃபிகேட்டுக்காக வந்தவன் பிள்ளைகளுக்காக நின்றுவிட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முடிவாக...

ஆயா போன வருடம் இறந்துவிட்டார். அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது ரேஷன் கார்டு நகலுக்கு அடியில் ஒரு காலி மாத்திரை அட்டை இருந்தது. எதற்கு வைத்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

நம் கல்லூரிக்குப் பின்னால் உள்ள நாலு தெருவுக்குத் தேவைப் பட்டியல் எடுக்கும் வேலையை இந்த ஆண்டு மாணவர் சங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாலை வகுப்புக்கு வெள்ளிக்கிழமை இன்னும் ஒரு ஆள் குறைகிறது. சங்க அறையில், கேரம் போர்டுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. பெயர், துறை, வாரத்தில் எந்த நாள் என்று மூன்று கட்டம். நாள் எழுதுமுன் நன்றாக யோசித்து எழுதுங்கள். அந்த நாளில் யாரோ ஒரு பிள்ளை பாயை விரித்து வைத்திருப்பான்.